தாழ்த்திய இருக்கையும் தட்டுப்பட்ட முட்டியும்: பெடல் ஸ்டீல் கிட்டார் இருக்கை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வாசிப்பவரின் உயரம் 6 அடி 1 அங்குலம். டெக்ஸாஸ் நடனக்கூடங்களில் கன்ட்ரி இசைக்குழுவோடு வாரக் கடைசியில் வாசிக்கிறவர். ஓர் இரவுக்கு 45 நிமிடம் வீதம் 4 சுற்று. கருவி, கால்கள் மேல் படுக்கையாக நிற்கும் பெடல் ஸ்டீல் கிட்டார்: ஒற்றைக் கழுத்து, 10 தந்தி, ஈ9 என்னும் சுருதி அமைப்பு, பாதத்தால் மிதித்துத் தந்தியின் சுருதியை மாற்றும் 3 பெடல், முட்டியால் தள்ளி மாற்றும் 5 முட்டி லீவர். அவருடைய குறைகள் மூன்று. இரண்டாவது சுற்று முடிவதற்குள் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. இடது தொடையின் அடிப்பக்கம் மரத்துப்போகிறது. 5-ஆம் தந்தியை எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் பாட்டின் நடுவே இறங்கிவிடுகிறது.

முதல் இரண்டுக்கும் இருக்கையே காரணம் என்று நினைத்தார். மூன்றாவதற்குத் தந்தியைப் பழித்தார். ஓர் ஆண்டுக்குள் மூன்று இருக்கை மாற்றினார், தந்திக் கட்டு எத்தனையோ மாற்றினார். அளந்து பார்த்தபோது மூன்று குறைகளும் ஒரே கணக்குப் பிழையிலிருந்து கிளம்பியவை என்று தெரிந்தது. பெடல் ஸ்டீல் வாசிப்பவர்களிடம் இந்தப் பிழை மிகச் சாதாரணம். அதனால்தான் இந்த ஒரு நிகழ்வை அளவுகளோடு முழுமையாக எழுதுகிறோம்.

இந்தக் கருவிக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை

நம் ஊரில் ஹவாயன் கிட்டார் என்று அறியப்படும் மடி ஸ்டீலுக்கு எந்த நாற்காலியும் போதும். இடது கையில் இரும்பு பார், வலது கையில் பிக். கால்களுக்கு வேலை இல்லை. 1950-களின் ஃபெண்டர் ஸ்ட்ரிங்மாஸ்டர் போன்ற கால் வைத்த கருவிகளில் கருவியின் கால்களை நீட்டிப் பூட்டிவிட்டு நின்றபடியே வாசிக்கலாம். பெடல் வந்ததும் அந்தச் சுதந்திரம் குறைந்தது. 1954-ல் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் பாடல் ஒன்றில் ஸ்டீல் கிட்டார் கலைஞர் பட் ஐசக்ஸ், ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியைப் பெடலால் வளைத்துக் காட்டினார். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் முழுக்க எல்லாருக்கும் அந்த ஒலி வேண்டியிருந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் முட்டி லீவர்களும் சேர்ந்துகொண்டன. அதன்பின் உட்கார்ந்தே தீர வேண்டும்.

இப்போது இடது பாதம் பெடல்கள் மேல். இடது முட்டி, இருபுறமும் தொங்கும் இரண்டு லீவர்களுக்கு நடுவே, அதற்கு நேர் மேலே மூன்றாவது லீவரோடு. வலது பாதம் வால்யூம் பெடல் மேல், வலது முட்டி இன்னும் இரண்டு லீவர்களுக்கு நடுவே. இரண்டு பாதமும் வேலையில் இருப்பதால் உடம்பைத் தாங்குவது முழுக்க முழுக்க இருக்கைதான். நாற்காலியில் சாதாரணமாக உட்காரும்போது உடல் எடையில் ஒரு பங்கைப் பாதங்கள் தரையில் இறக்கிவிடும். இங்கே பாதத்தில் எடை இறக்கினால் சுருதி மாறும்.

இந்தக் கருவியில் இருப்பது எம்மன்ஸ் என்ற கலைஞரின் பெயரால் வழங்கும் பெடல் வரிசை: இடமிருந்து வலமாக ஏ, பி, சி. ஏ பெடல் 5, 10 ஆகிய பி தந்திகளை சி ஷார்ப்புக்கு ஏற்றும். பி பெடல் 3, 6 ஆகிய ஜி ஷார்ப் தந்திகளை ஏ-வுக்கு ஏற்றும். இரண்டையும் ஒரே பாதம் மிதிக்கும். கணுக்காலைச் சாய்த்து ஒன்றை மட்டும் விடுவதும் பிடிப்பதும்தான் இந்த இசையின் பாதி அழகு. இன்னொரு கலைஞரான ஜிம்மி டேயின் வரிசையில் இது தலைகீழ்; சாய்வும் எதிர்த்திசையில் இருக்கும். முட்டி லீவர்களில் எல்.கே.எல். என்பது இடது முட்டி இடப்புறம் தள்ளுவது, எல்.கே.ஆர். வலப்புறம் தள்ளுவது, எல்.கே.வி. மேல்நோக்கித் தூக்குவது. இவருடைய கருவியில் எல்.கே.வி. 5-ஆம் தந்தியை பி-யிலிருந்து பி ஃப்ளாட்டுக்கு இறக்குகிறது. இறங்கிவிடுகிறது என்று அவர் குறைசொன்ன அதே தந்தி.

அளந்தது

அளவுகள் எல்லாம் வாசிக்கும் நிலையிலேயே, மேடையில் போடும் பூட்ஸோடு எடுக்கப்பட்டவை. வீட்டில் வெறுங்காலோடு அளந்துவிட்டு ஒன்றரை அங்குலக் குதிகால் வைத்த பூட்ஸோடு மேடையேறினால் எல்லாக் கணக்கும் ஒன்றரை அங்குலம் தவறும்.

தரையிலிருந்து கிட்டார் உடலின் அடிவிளிம்பு வரை 24½ அங்குலம். அமுக்காத நிலையில் எல்.கே.வி.யின் கீழ்முனை 23¾. தந்திகள் 29. அவர் கீழ்க்காலை (முட்டிக்குக் கீழுள்ள பகுதியை) செங்குத்தாக வைத்து உட்கார்ந்தால் முட்டியின் மேற்பகுதி 24. இங்கேயே விஷயம் வெளிப்பட்டுவிட்டது: லீவர் தொங்கும் இடம் 23¾, முட்டி வேண்டுகிற இடம் 24. இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் கால் அங்குல மோதல்.

இருக்கை உயரத்தை அளப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. கடைக்காரர் சொல்லும் உயரம் ஆள் உட்காராத உயரம். இவர் கடைசியாக வைத்திருந்தது 17½ அங்குல இரும்பு மடக்கு நாற்காலி. மேலே மெத்தென்ற ஒரு திண்டும் போட்டிருந்தார், அதையும் சேர்த்தே அந்த 17½. உட்கார்ந்தபின் திண்டு நசுங்கி, உட்காரும் எலும்பு இருக்கும் உயரம் 16¾ ஆகியிருந்தது. இதை அளக்க எளிய வழி: ஆள் உட்கார்ந்திருக்கும்போது திண்டின் அடிப்பலகையிலிருந்து நசுங்கிய மேற்பரப்பு வரை ஒரு மெல்லிய ஸ்கேலைப் பக்கவாட்டில் செருகிப் பார்ப்பது. இரண்டு பேர் வேண்டும், ஒரு நிமிட வேலை.

உட்காரும் இடத்திலிருந்து மடக்கிய முழங்கை வரை அவருக்கு 9¾ அங்குலம். 16¾-ஐக் கூட்டினால் முழங்கை 26½-ல். தந்திகளோ 29-ல். இரண்டரை அங்குலம் கையை மேலே தூக்கிப் பிடித்தபடி நான்கு சுற்று வாசித்திருக்கிறார். தோள்வலி பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. வாசிப்பின் பகுதி அது என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

பிழை எங்கே

முதலில் அவரிடம் இருந்தது 20 அங்குல ட்ரம் ஸ்டூல். அதில் உட்கார்ந்தபோது தொடை கிட்டார் விளிம்பில் இடித்தது. "இருக்கை உயரம், அதனால் கால் இடிக்கிறது" என்று தாழ்த்தினார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தாழ்த்தியபின் நடுத்தொடை விளிம்பில் இடிப்பது நின்றது, ஆனால் முட்டி இடிப்பது நிற்கவில்லை. மேலும் தாழ்த்தினார். அப்போதும் நிற்கவில்லை.

நிற்காது. குதிகால் தரையில் ஊன்றி கீழ்க்கால் செங்குத்தாக இருக்கும்வரை முட்டியின் உயரத்தைத் தீர்மானிப்பது கீழ்க்கால் எலும்பின் நீளமும் செருப்பின் தடிமனும் மட்டுமே. இருக்கையை மூன்று அங்குலம் இறக்கினால் இடுப்பு மூன்று அங்குலம் இறங்கும். முட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். இடுப்பு முட்டியைவிடத் தாழ்ந்தால் இடுப்பெலும்பு பின்னோக்கிச் சுழன்று கீழ்முதுகு வளையும். தாழ்த்தியதில் அவருக்குக் கிடைத்தது அந்த வளைவு ஒன்றுதான்.

முட்டியை இறக்க மனித உடம்பு அறிந்த வழி ஒன்று உண்டு: காலை முன்னால் நீட்டுவது. அவரும் அறியாமலே அதைத்தான் செய்தார். நாற்காலியைச் சுமார் நாலரை அங்குலம் பின்னுக்குத் தள்ளி, கீழ்க்காலைச் சாய்த்து, முட்டியை 23½-க்குக் கொண்டுவந்திருந்தார். எல்.கே.வி.யிலிருந்து கால் அங்குலம் தப்பித்தது. ஆனால் கைக்கும் கருவிக்கும் நடுவே நாலரை அங்குலம் கூடிவிட்டதே, அதை ஈடுகட்ட முதுகைக் குனிந்தார். ஏற்கெனவே வளைந்திருந்த கீழ்முதுகின் மேல் இந்தக் குனிவு. முதல் குறையின் மூலம் இது.

மூன்றாவது குறையும் இங்கேயே இருக்கிறது. குனிந்து வாசிக்கிறவர் பாட்டுக்குப் பாட்டு சிறிது சிறிதாக முன்னால் நகர்ந்துவிடுவார். ஒவ்வொரு அங்குலம் முன்னால் வரும்போதும் கீழ்க்கால் நிமிர்ந்து முட்டி ஏறும். மூன்றாவது நான்காவது பாட்டில் முட்டி எல்.கே.வி.யைத் தொட்டு, மயிரிழை அமுக்கும். 5-ஆம் தந்தி பி ஃப்ளாட் வரை போகாது. பி-யிலிருந்து கொஞ்சம் நழுவி நிற்கும், அவ்வளவுதான். அவர் பாட்டு முடிந்ததும் பின்னால் சாய்ந்து, ட்யூனரைப் பார்த்து, தந்தியைத் தட்டுவார். முட்டி லீவரை விட்டிருக்கும், தந்தி சரியாக இருக்கும். அல்லது விடாத நிலையிலேயே சுருதி சேர்த்து, அடுத்த பாட்டில் தந்தி ஏறிப்போயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிது. ட்யூனரை இணைத்து, வாசிக்கும் நிலையில் உட்கார்ந்து, பெடல் எதையும் மிதிக்காமல் 5-ஆம் தந்தியைத் தட்ட வேண்டும். ஒலி நிற்பதற்குள் இடது காலை முழுவதுமாகக் கருவிக்கு வெளியே எடுத்துவிட வேண்டும். ட்யூனர் முள் அசைந்தால் முட்டி எங்கோ தொடுகிறது. இவருடைய நிலையில் முள் சுமார் 10 சென்ட் ஏறியது (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஒரு விசிட்டிங் கார்டை முட்டிக்கும் லீவருக்கும் நடுவே செருகிப் பார்ப்பதும் உதவும். தடையில்லாமல் உள்ளே போய் வர வேண்டும்.

தொடை மரத்துப்போனதற்குக் காரணம் வலது காலில் இருந்தது. வால்யூம் பெடலில் குதிகால் தரையில் இல்லை, தகட்டின் மேல் இருக்கிறது. ஆகவே வலது முட்டி எப்போதும் இடதைவிட உயரம். அதோடு, ஸ்டீல் வாசிப்பவர்கள் பெடலைப் பாதியில் வைத்துத் தந்தியைத் தட்டி, ஒலி தேயத் தேய முன்பாதத்தால் அமுக்கி நீட்டுகிறார்கள். பெடல் நடுவில் அச்சு கொண்டது. முன்புறம் இறங்கினால் குதிகால் பக்கம் ஏறும். அதனால் நீண்ட ஸ்வரத்தின் கடைசியில்தான் வலது முட்டி உச்சத்தில் இருக்கும். அது லீவர் தாங்கியில் இடிக்காமல் இருக்க அவர் எடையை இடது பக்கம் சாய்த்து உட்கார்ந்தார். இடது கால் நீட்டிய நிலை, நசுங்கிய திண்டு, அதற்கு அடியில் மடக்கு நாற்காலியின் இரும்பு முன்விளிம்பு. தொடையின் அடிப்பக்க நரம்பும் இரத்த ஓட்டமும் அந்த விளிம்பில்தான் நசுங்கின. எழுந்து நடந்த சில நிமிடங்களில் மரப்பு போய்விடும். வாசிக்காத நேரத்திலும் மரப்பு தொடர்ந்தால் அது இருக்கையின் விஷயமல்ல, மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

கிட்டாரை உயர்த்துவது

ஆகவே முதலில் தொட்டது இருக்கையை அல்ல, கிட்டாரின் கால்களை. ஒரு அங்குலம் உயர்த்த முடிவானது.

நான்கு கால்களுக்கு அடியிலும் ஒரு அங்குலக் கட்டை வைத்தால் போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். பெடல்கள் பொருந்திய குறுக்குச் சட்டம் முன்கால்கள் இரண்டிலும் மாட்டப்பட்டிருக்கிறது. கட்டை வைத்தால் பெடல்களும் ஒரு அங்குலம் ஏறும். கணுக்கால் மேல்நோக்கி அதிகம் மடங்கும். அது தாங்காமல் குதிகாலுக்கு அடியிலும் ஒரு கட்டை வைப்போம். முட்டியும் ஒரு அங்குலம் ஏறும். கிடைத்த இடம் அப்படியே திரும்பிப் போய்விடும். ஆகவே பெடல் சட்டம் தரையிலிருந்து இருந்த உயரத்திலேயே இருக்க, அதற்கு மேலே உள்ள பகுதி மட்டும் நீள வேண்டும். அதாவது ஒரு அங்குலம் நீளமான 4 கால்கள், ஒரு அங்குலம் நீளமான 3 பெடல் ராடுகள் (பெடலைக் கிட்டாரின் உடலோடு இணைக்கும் கம்பிகள்). கிட்டார் தயாரிப்பாளர்கள் உயரமானவர்களுக்கு இப்படிக் கால்களும் ராடுகளும் செய்து தருவது வழக்கம். கருவியின் மாடலையும் இப்போதைய நீளத்தையும் சொல்லிக் கேட்டால் போதும்.

ராடு மாற்றியபின் கவனிக்க வேண்டியது பெடலின் உயரம். ராடு தேவைக்கு மேல் நீண்டால் பெடல் தாழ்ந்து தொங்கி, தந்தி முழுதாக ஏறுவதற்குள் தரையில் முட்டிவிடும். சி ஷார்ப் வர வேண்டிய இடத்தில் சி ஷார்ப்புக்குச் சற்றுக் குறைவாக வரும். ராடின் மரை முனையைத் திருகி ஏ, பி இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே பாதம் இரண்டையும் மிதிக்கிறது. அரைக்கால் அங்குல வித்தியாசம்கூடக் கணுக்காலுக்குத் தெரியும். ஒவ்வொரு பெடலையும் அமுக்கிப் பிடித்து, அடியில் பெடலுக்கும் தரைக்கும் விரல் நுழையும் இடம் இருக்கிறதா என்று பார்த்தபின்தான் சுருதி சேர்க்க வேண்டும்.

இப்போது உடலின் அடிவிளிம்பு 25½. எல்.கே.வி. 24¾. முட்டி அதே 24. முக்கால் அங்குல இடைவெளி. இதில் கால் அங்குலம் அதிகம் என்று அவருக்குப் பட்டது. லீவரைத் தூக்கக் குதிகாலை மிகவும் எழுப்ப வேண்டியிருந்தது. எல்.கே.வி.யின் ஸ்டாப் ஸ்க்ரூவைச் சிறிது திருப்பி அரை அங்குலத்தில் நிறுத்தப்பட்டது. நம் கணிப்பில் அரை அங்குலமே பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். அதற்குக் குறைந்தால் சோர்ந்த கால் தொட்டுவிடும்.

வால்யூம் பெடலுக்குப் பதில் தாழ்வான வகை ஒன்று வைக்கப்பட்டது. குதிகால் இறங்கியது ஒரு அங்குலம். கிட்டாரின் ஒரு அங்குலத்தோடு சேர்த்து வலது முட்டிக்குக் கிடைத்த கூடுதல் இடம் 2 அங்குலம். ஒரு பக்கம் சாய்ந்து உட்கார இனி காரணம் இல்லை.

அதன்பின்தான் இருக்கை

கிட்டார் சரியான உயரத்தில் நின்றபின் இருக்கையின் உயரம் தானாகவே குறுகிய எல்லைக்குள் வந்துவிடுகிறது. இடுப்பு முட்டியைவிடச் சற்று மேலே, முழங்கை தந்தி மட்டத்துக்கு அரை அங்குலத்துக்குள், நடுத்தொடைக்கு மேல் விளிம்பு வரை அரை அங்குலமாவது இடம். தந்திகள் இப்போது 30-ல். முழங்கை 29½-ல் இருக்க, உட்காரும் இடம் 19¾-ல் இருக்க வேண்டும். முன்பு இடித்த அதே உயரம்தான், கிட்டத்தட்ட. அவர் ஆரம்பத்தில் வாங்கிய ட்ரம் ஸ்டூலின் உயரம் சரியாகவே இருந்திருக்கிறது.

ஆனால் உயரம் சரியென்பதால் அந்த ஸ்டூல் சரியாகிவிடாது. அது சுழலும் வகை. முட்டி லீவரை வலுவாக இடப்புறம் தள்ளும்போது, இருக்கை வலப்புறம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கத் தொடையின் உள்தசைகளும் இடுப்பும் ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். ட்ரம் வாசிப்பவருக்குச் சுழற்சி வரம். இங்கே அது எதிரி. இன்னொன்று, உயரத்தைத் திருகு மரையால் மாற்றும் ஸ்டூல்களில் பூட்டு தளர்ந்தால், ஒவ்வொரு அசைவிலும் இருக்கை துளித்துளியாகத் திருகி ஏறும் அல்லது இறங்கும். ஓர் இரவில் அரை அங்குலம் மாறிவிட்டால் மேலே செய்த கணக்கெல்லாம் வீண். ட்ரம் ஸ்டூல்தான் வேண்டுமென்றால் சுழற்சியை இறுகப் பூட்டக் கூடியதும், தண்டில் உயரத்தைக் குறித்துக் கவ்வும் வளையம் உள்ளதுமாக வாங்க வேண்டும். வட்ட மேற்புறத்தைவிட சைக்கிள் சீட் வடிவம் நல்லது. முட்டிகள் பக்கவாட்டில் அசைய இடம் விடும்.

சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியைப் பற்றி ஒரு வரி போதும்: பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அது பின்னால் போகும். கைப்பிடி உள்ள எதுவும் ஆகாது. 1-ஆம் கட்டுக்கு (ஃப்ரெட்) இடது கை போகும்போது முழங்கை இடிக்கும். பியானோ பெஞ்சு உறுதியானது, உயரமும் ஒத்துவரும், ஆனால் ஆழம் அதிகம். முன்விளிம்பு முட்டிக்கு அருகே வந்து தொடையை நகரவிடாது.

இவருக்குப் பொருந்தியது பெட்டி இருக்கை. ஸ்டீல் கிட்டார்க்காரர்களின் பழைய தோழன் இது: கீல் வைத்த மெத்தை மூடி, உள்ளே பார், பிக், கேபிள், ஆலன் சாவி, உபரித் தந்தி, வால்யூம் பெடல் எல்லாம் வைக்க ஓர் அறை. கடையில் கிடைப்பவை உயரத்தில் பொருந்தாததால் அளவெடுத்துச் செய்யப்பட்டது. பெட்டி 18 மி.மீ. பிளைவுட், மேற்புறம் 16 அங்குல அகலம், 12 அங்குல ஆழம், மூடியோடு சேர்த்து 7 அங்குல உயரம். மேலே 2 அங்குலக் கெட்டி ஃபோம். திருகிக் கழற்றும் 4 இரும்புக் கால்கள், ரப்பர் புஷ்ஷோடு 11¼ அங்குலம். மொத்தம் 20¼, ஆள் உட்கார்ந்ததும் ஃபோம் அரை அங்குலம் நசுங்கி 19¾.

ஃபோமில் சிக்கனம் கூடாது. மெத்தென்ற ஃபோம் கடையில் உட்கார்ந்து பார்க்கும் இரண்டு நிமிடத்துக்குச் சுகமாக இருக்கும். இரண்டாவது சுற்றில் பலகை தட்டுப்படும், சில மாதங்களில் உயரமே குறைந்துவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் பலகை தெரியக் கூடாது. மூடியின் முன்விளிம்பை முக்கால் அங்குல வளைவாக இழைத்து, ஃபோமை அந்த வளைவின் மேல் இழுத்துப் போர்த்தி, உறையை அடியில் அடித்தாயிற்று. பலகை விளிம்பை நறுக்கென்று விட்டுவிட்டு மேலே எவ்வளவு ஃபோம் போட்டாலும் தொடை அந்த விளிம்பைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். உறைக்கு நெய்த துணி. ரெக்சின் வேர்வையில் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் வழுக்கும். முட்டி லீவர் வாசிப்புக்கு இரண்டுமே இடைஞ்சல்.

இருக்கையை முன்னால் சற்றுச் சரிவாக வைத்தால் முதுகுக்கு நல்லது என்ற யோசனையும் பார்க்கப்பட்டது. முன்கால் இரண்டை அரை அங்குலம் குறைத்ததில் முதுகு நிமிர்ந்தது, உண்மை. ஆனால் உடம்பு முன்னால் வழுக்கியது. எழுத்தாளரோ தட்டச்சரோ பாதத்தை ஊன்றித் தடுப்பார். இவர் ஊன்றினால் ஏ பெடல் இறங்கும். மட்டமான இருக்கைக்கே திரும்பினோம்.

முதுகுச்சாய்வு வைப்பதா என்பதில் இந்தத் துறையில் இரண்டு கருத்து உண்டு. 45 நிமிடச் சுற்றுக்கு அது தேவையில்லை என்பது எங்கள் கருத்து. வாசிக்கும்போது யாரும் அதில் சாய்வதில்லை, கை 1-ஆம் கட்டுக்கும் 20-க்கு மேற்பட்ட கட்டுக்கும் ஓடும்போது முதுகும் கூடவே நகர்கிறது. ஹவுஸ் ஆஃப் காட் தேவாலயங்களில் சேக்ரட் ஸ்டீல், அதாவது வழிபாட்டு ஸ்டீல் கிட்டார் இசை, வாசிப்பவர்கள் நிலை வேறு. பிரசங்கத்தைப் பின்தொடர்ந்து, எப்போது வேண்டுமானாலும் வாசிக்கத் தயாராக, நெடுநேரம் கருவியின் முன் இருக்க வேண்டியவர்களுக்கு இடைநேரத்தில் கீழ்முதுகைத் தாங்கும் தாழ்வான சாய்வு உண்மையான உதவி.

எங்கே வைப்பது

இருக்கையை முதலில் வைத்துவிட்டுக் கால்களை அதற்கு ஏற்ப நீட்டுவது வழக்கம். வரிசையை மாற்ற வேண்டும். நின்றபடியே இடது பாதத்தை ஏ, பி இரண்டின் மேலும் சமமாக வைத்து, கீழ்க்கால் செங்குத்தாக, முட்டி எல்.கே.எல்., எல்.கே.ஆர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும்படி பார்ப்பது. பிறகு வலது முட்டியை அதன் இரண்டு லீவர்களுக்கு நடுவே நிறுத்தி, அந்த நிலையில் பாதம் எங்கே இறங்குகிறதோ அங்கே வால்யூம் பெடலை நகர்த்துவது. கடைசியாக, பின்னால் ஒருவர் இருக்கையைத் தள்ளிவர, அதில் அமர்வது. இவருக்கு மூக்கு 14-ஆம் கட்டுக்கு நேராக வந்தது. 12-க்கும் 15-க்கும் இடையே எங்கு வந்தாலும் சரியே.

நடனக்கூட மேடைகள் மெழுகு பூசிய பலகை. கிட்டார் ஒரு துண்டுக் கம்பளத்திலும் இருக்கை வெறும் பலகையிலும் இருந்தால், மிதிக்க மிதிக்க இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகும். 4 அடிக்கு 5 அடிக் கம்பளம் ஒன்றை விரித்து, கிட்டார், வால்யூம் பெடல், இருக்கை மூன்றையும் அதன்மேலேயே வைக்க ஏற்பாடானது. கம்பளத்தில் 4 கிட்டார் கால்களுக்கும் 4 இருக்கைக் கால்களுக்கும் வெள்ளை டேப்பில் எட்டுக் குறிகள். இருட்டு மேடையில் இரண்டு நிமிடத்தில் அதே இடம் கிடைத்துவிடும்.

ஆறு வாரத்துக்குப் பின்

முதல் வாரம் மோசம். பழைய கோணத்துக்குப் பழகிய கால் எல்.கே.ஆர்.-ஐத் தேடியது, ஈ தந்தி டி ஷார்ப்புக்கு இறங்க வேண்டிய இடங்களில் தாமதம். கெண்டைக்கால் வலித்தது. இது எதிர்பார்த்ததே, கணுக்கால் முன்பு செய்யாத வேலையை இப்போது செய்கிறது. தினம் 20 நிமிடம், பெடல்-லீவர் மாற்றங்களை மட்டும் மெதுவாக வாசித்ததில் இரண்டாம் வாரக் கடைசியில் சரியானது.

ஆறாவது வாரம்: 5-ஆம் தந்தி இரவு முழுதும் நிலைத்தது. தொடை மரப்பு இல்லை. முதுகு நான்காவது சுற்றில் இறுகுகிறது, பிடிப்பதில்லை. சுற்றுகளுக்கு நடுவே உட்காராமல் நடந்தால் அதுவும் குறைகிறது. நம்பிச் சொல்லக்கூடிய பலன் இவ்வளவே.

உயரம் குறைந்தவர்களுக்கு இதே கணக்கு எதிர்ப்புறமாக ஓடும். 5 அடி 3 அங்குலம் உள்ள ஒருவரின் முட்டி செருப்போடு 20½, 21 அங்குலத்தில் நின்றால், வழக்கமான கருவியில் எல்.கே.வி.க்கு மூன்று அங்குலம் எட்டாது. அவர்கள் முட்டியை ஏற்ற இருக்கையைத் தாழ்த்துகிறார்கள். மேலே சொன்ன அதே காரணத்தால் முட்டி ஏறாது, முதுகுதான் வளையும். அவர்களுக்கு வேண்டியது குட்டையான கால்களும் குட்டையான ராடுகளும். அதற்கு வழியில்லாதவரை, இடது குதிகாலுக்கு அடியில் முக்கால் அங்குலப் பலகையும் எல்.கே.வி.யின் கீழ்முனையில் தடித்த தோல் அல்லது ரப்பர் அட்டையும் ஒட்டி ஓட்டலாம். பலகையைக் கம்பளத்தோடு ஆணியடித்தோ டேப் ஒட்டியோ நிறுத்த வேண்டும். நழுவும் பலகை, இல்லாத பலகையைவிட மோசம்.

இவரிடம் இன்னும் ஒன்று பாக்கி. அந்த பூட்ஸின் குதிகால் தேய ஆரம்பித்திருக்கிறது, இடது பக்கம் வலதைவிட வேகமாக. கால் அங்குலம் தேய்ந்ததும் புதுக் குதிகால் அடிக்கச் சொல்லியிருக்கிறோம், இரண்டு பூட்ஸுக்கும் ஒரே நாளில். அதுவரை எல்.கே.வி. ஸ்க்ரூவைத் தொட வேண்டியதில்லை.